மல்லாந்து கிடந்த வண்டுகள்

ஜூலை 8, செவ்வாய்

மருந்தடித்தேன். கொஞ்ச நேரத்தில் ஷெட்டின் ஓரமெல்லாம் கறுப்பு வண்டுகள் மல்லாந்து கிடந்தன. பார்க்கத் திருப்தியாக இருந்தது. டீ குடித்துவிட்டுத் துடைப்பத்தோடு வந்தால், பாதி வண்டுகள் எழுந்து நடக்கின்றன. தூங்கி எழுந்த மாதிரி, மெதுவாக.

மாத்தூருக்கு வெளியே இந்தக் கோழிப் பண்ணையில் தங்கி வேலை பார்ப்பவன் நான் ஒருவன்தான். ஏதாவது பேசினால் கோழிகள் ஒரு நொடி அடங்கிக் கேட்கும். பிறகு அதுகள் சத்தம் அதுகளுக்கு.

வெள்ளிக்கிழமை தண்டையார்பேட்டைக்கு, வீட்டுக்குப் போகலாம். மகள் ஜஸீமா பிரசவத்துக்கு வந்தவள் அங்கேதான் இருக்கிறாள். பேரன் போன வாரம் என் விரலைப் பிடித்தவன் விடவே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கினேன். சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது தூளியில் வீறிட்டான். என்ன செய்தும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் காதுக்குள்ளிருந்து எடுத்தார்கள். கறுப்பு வண்டு. என் துணிப்பையைத் தூளிக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன்.

காதுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். ஜஸீமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் மனைவி அஜீசாதான் வாசல்வரை வந்தாள்.

"கோச்சிக்காதீங்க. அந்தப் பூச்சி ஒயிற வரைக்கும் இங்க வராதீங்க. பச்சப் புள்ளைங்க அது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். நிகாஹ் ஆன நாளிலிருந்து அவள் என்னை 'வராதே' என்றது இதுதான் முதல் தடவை.

ஜூலை 12, சனி

ஒழித்துவிட்டால் போகலாம். அவ்வளவுதானே.

ஜூலை 16, புதன்

முதலாளி சுப்பராயன் புது டப்பா கொண்டு வந்தார். "இன்னா பாய், எப்போ பாத்தாலும் பூச்சி கீது பூச்சி கீதுன்னுகினு. இது வேற மருந்து. அடி, பாக்கலாம்."

பெயர் வேறு, மூடியின் நிறம் வேறு. நாற்றம் மட்டும் பழையதுதான். சொன்ன அளவைப் போல இரண்டு பங்கு கலந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

போகவில்லை. போன் செய்தேன்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு. புள்ள?"

"தூங்கறான்."

யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் இருவரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

வண்டுகள் நடக்கின்றன. கோழிகள் தீவனத்தை விட்டுவிட்டு அதுகளைக் கொத்துகின்றன. எடை ஏறவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

மூன்று பங்கு கலந்தேன். முகத்தில் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி எரிச்சல். தலை சுற்றியது. தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்தது தெரியும், விழுந்தது தெரியாது. கண் திறந்தபோது கன்னத்தின் மேல் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

இங்கேயே செத்துக் கிடந்தால் யாருக்குத் தெரியும்? தீவன வண்டிக்காரன் வந்தால்தான். பக்கத்து ஆள் கோழிதான்.

அழுதுட்டேன். இந்த வயசுல இன்னா அழுகை.

ஜூலை 23, புதன்

கோழிகளின் எடையைக் காட்ட முதலாளி கால்நடை டாக்டர் சௌமியாவைக் கூட்டி வந்தார். அந்தப் பெண் கோழியைப் பார்க்கும் முன் என் முகத்தையும் கையையும் பார்த்தார். எத்தனை பங்கு என்று கேட்டார், சொன்னேன். அவர் திரும்பி முதலாளியிடம், "இப்படியே போனா வண்டு சாகாது சார், இவர்தான் சாவார்" என்றார்.

ஒரு பாட்டிலில் வண்டுகளைப் பிடித்துக்கொண்டு போனார்.

ஜூலை 30, புதன்

டாக்டரம்மா போனில் சொன்னது: "நீங்க அடிச்ச டப்பா எல்லாமே ஒரே வகை மருந்துதாங்க ஐயா, பேர்தான் வேற. வருஷக்கணக்கா அதையே அடிச்சதுல, தாங்கினது மட்டும் பொழைச்சு, அதுங்க முட்டை வெச்சுப் பெருகியிருக்கு. இனிமே எத்தனை பங்கு கலந்தாலும் கேட்காது."

கோழிகள் போனதும் தரையில் பரப்பிய உமியைச் சூட்டோடு வாரி, குவித்து, தார்ப்பாயால் மூட வேண்டுமாம். உள்ளே ஏறும் சூட்டிலேயே வண்டுகள் வெந்துவிடும். விரிசலை எல்லாம் அடைத்து, ஷெட்டைக் கொஞ்ச நாள் காலியாகப் போட வேண்டும். பிறகு வேறு வகை மருந்து, அளவோடு.

காலி ஷெட்டுக்கு ஆள் எதற்கு? என்னை வைத்துக்கொள்வாரா?

ஆகஸ்ட் 4, திங்கள்

கோழிகளை ஏற்றிக்கொண்டு லாரி போயிற்று. முதலாளி உடனே அடுத்த குஞ்சுகளுக்குச் சொல்லிவிட்டார்.

"எறக்காதீங்க மொதலாளி. எறக்கறதுன்னா வேற ஆள வெச்சிக்கோங்க."

என் வாயிலிருந்தா இது வந்தது?

"நீ மொதலாளியா, நான் மொதலாளியா?" என்றார். நான் ஷெட்டின் மரத்தூணைக் காட்டினேன். அவர் அதைத் தட்டினார். வண்டு குடைந்த இடத்திலிருந்து மாவாகக் கொட்டியது. கையைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"சரி, போட்டு வை. அப்பறம் வேலைக்கு உன்னத்தான் கூப்புடுவேன்னு சொல்ல முடியாது பாய்."

சரி என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

உமிக் குவியலுக்குள் கை வைக்க முடியவில்லை, அத்தனை சூடு. குச்சியால் கிளறினேன். வண்டுகள் சுருங்கிக் கிடந்தன. எழுகிறதா என்று காத்திருந்தேன். ஒன்றும் எழவில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கோழிகள்கூட இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

துவைத்த சட்டை, பையில்லாமல் வெறுங்கை. வீட்டுக்குப் போனேன்.

தூளி இல்லை. ஜஸீமாவின் மாமியார் வந்து, நேற்றே இரண்டு பேரையும் ஆம்பூருக்குக் கூட்டிப் போய்விட்டாராம்.

"ஏன் சொல்லல?"

"அங்க ஒண்டியா கீறீங்க. இதையும் எப்டி சொல்றது?" என்றாள் அஜீசா.

சாயங்காலம் ஜஸீமாவே போன் செய்தாள். "அன்னிக்கு உங்கள திரும்பிக்கூட பாக்கல அத்தா நானு." அவளும் அதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பின்னால் குழந்தை ஏதோ குரல் கொடுத்தான்.

இருட்டியதும் அஜீசா விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். "இந்த வூட்ல நான் மட்டும் இன்னா பண்ணப்போறேன்" என்றாள். என்னைக் கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

முதலாளி என்னையேதான் கூப்பிட்டார். நேற்று குஞ்சுகள் இறங்கின. வண்டு அங்கொன்று இங்கொன்று தெரிகிறது. அடியோடு ஒழியாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா.

காலையில் உலை கொதித்ததும் வழக்கம்போல் ஒரு பிடி அரிசி போட்டேன். என்னோடு பண்ணைக்கே வந்துவிட்ட அஜீசா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எனுக்கு?"