இஸ்பேட் எட்டு

சாலோமி,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. நான் கங்கைகொண்டானுக்கு, வாட்ச்மேன் வேலையாவது கிடைக்குமா என்று கேட்கப் போகிறேன்.

சாயங்காலம் என் கைக்காக ஜெபம் பண்ண உன் அப்பா வருகிறார். நேற்று நான் விசிறியடித்த சீட்டுகளை அதற்குள் பொறுக்கிவிடு. கட்டிலுக்கடியிலும் பார். வித்தை என்றால் நம்ப மாட்டார், சூதாட்டம் என்பார்.

மெஷினில் எனக்குப் போன இரண்டு விரலும் வித்தை சொல்லித்தரும் அந்த வீடியோக்காரனுக்கு இருக்கின்றன. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வராது. வித்தைப் புத்தகத்தையும் பழைய பேப்பருக்குப் போட்டுவிடு.

ஜாபேஸ்

நேற்று நீ எடுத்த சீட்டு இஸ்பேட் எட்டு. உன் பின்னால் பீரோ கண்ணாடியில் தெரிந்தது. நான் காட்டியது டைமண்ட் ராணி. “இதேதான் அத்தான்! எப்படிச் செய்யுதிய?” என்று கைதட்டினாய்.

இத்தனை மாதமும் அப்படித்தான் கைதட்டினாயா?