திறந்து கிடந்த இரண்டு பாட்டில்கள்

அக்டோபர் 6, செவ்வாய். காலை 9.10. எங்கள் ஆய்வக மேஜையில், ஓர் ஆலை சோதனைக்கு அனுப்பிய இரண்டு பாட்டில்கள்.

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பொரித்து முடித்த பழைய சமையல் எண்ணெய்தான் மூலம். ஆல்கஹால் சேர்த்துச் செய்தது பயோடீசல், பொன்னிறம். ஹைட்ரஜன் கொண்டு மாற்றியது தண்ணீர் மாதிரி தெளிவு. அதற்குப் புதுப்பிக்கத்தக்க டீசல் என்று மூச்சு வாங்கும் பெயர். இரண்டுக்கும் தனித்தனி விதிகள் இன்னும் வரவில்லை. எழுதுகிறார்கள், எழுதுகிறார்கள்...

மதியம் பயோடீசலுக்குக் குளிர்ச் சோதனை. குழாயில் ஊற்றிப் பனித்தொட்டியில் இறக்கி, ஒவ்வொரு டிகிரிக்கும் தூக்கிப் பார்க்க வேண்டும். அடியில் முதல் மங்கல் எப்போது வருகிறதோ அதுதான் விடை. ஐந்து டிகிரியில் வந்தது. பொன்னுக்குள் ஒரு குட்டி மேகம். வெளியே மழை, உள்ளே மேகம். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஐந்தே கால் பேருந்துக்கு ஓடினேன்.

அந்தப் பேருந்தும் இதே ஆலையின் பயோடீசலில்தான் ஓடுகிறது. புகையில் லேசாகப் பொரித்த வாசனை. கண்ணை மூடினால் சக்கரம் தரையில் படுவதே தெரிவதில்லை.

அக்டோபர் 7

காலையில் பார்த்தால் இரண்டு பாட்டில்களும் ஜன்னலோரம் மூடியில்லாமல் கிடக்கின்றன. நான்தான். திருகி மூடினேன்.

நீர் அளவு, கிலோவுக்கு மில்லிகிராமில்: தெளிவானது 38. பொன்னிறம் 612. இப்போதைய விதியில் வரம்பு 500. மறுபடி பார்த்தேன், 609. 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

அக்டோபர் 12

ஆலையின் உரிமத்தை நிறுத்திவிட்டார்கள். ஆலைக்கார அக்கா நேரிலேயே வந்துவிட்டார்.

"அந்த அறுநூத்திப் பன்னெண்டு நீங்கதானா தம்பி?"

"ஆமா."

"முந்நூத்தம்பது தாண்டினா நானே வெளிய விடமாட்டேன். தண்ணி எங்கருந்து வந்துச்சு?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"வாயைத் திறந்தா முள்ளாத்தான் கொட்டுமா உங்களுக்கு?"

மறுசோதனை கேட்டார். முத்திரை வைத்த இன்னொரு பாட்டில் எங்கள் கிடங்கில் இருக்கிறது. ஆனால் தவறு எங்கே நடந்தது என்று காரணம் காட்டினால்தான் அதைத் திறக்கலாம் என்றேன். விதி அப்படி. அவரிடம் காரணம் இல்லை. மாத முடிவுக்குள் உரிமம் திரும்பாவிட்டால் பேருந்து நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துவிடுமாம். ஆலையில் பதினோரு பேர்.

நான் என்ன செய்ய? எண் எண்தானே.

அக்டோபர் 13

பேருந்தில் அந்த வாசனை இல்லை.

அக்டோபர் 19

புது விதிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதச் சொன்னார் எங்கள் மேடம், ஆய்வகத் தலைவர். "உன் பேச்சைத்தான் சகிக்க முடியல. எழுத்து பரவால்ல, நீயே எழுது."

எழுதினேன்: 'புதுப்பிக்கத்தக்க டீசல் காற்றின் ஈரத்தைப் பெரிதாக ஏற்பதில்லை. பயோடீசல் ஏற்கும். ஆகவே பயோடீசல் மாதிரியை —'

பேனா நின்றுவிட்டது.

ஜன்னல். மழை. இரவு முழுக்கத் திறந்த வாய். 38 ஏன் 38, 612 ஏன் 612... டேய், நீயெல்லாம் படிச்சவனா? மேகம் பாத்துட்டு நின்னியே, மூடியைப் பாத்தியா?

யாரும் பார்க்கவில்லை. நவம்பர் ஒன்றாம் தேதி எனக்கு நிரந்தரப் பணி உத்தரவு வர வேண்டும்.

வீட்டில் தங்கை, "என்ன விஞ்ஞானி, தட்டுக்குள்ள என்ன தெரியுது?" என்றாள். சொல்லிவிட்டேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "அப்ப அந்தக்கா, தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு தேடிட்டே இருக்கட்டும்ங்கறியா?"

அக்டோபர் 20

விடியற்காலைக் கனவு. பொன்னிறப் பாட்டில் ஜன்னலில் உட்கார்ந்து மழையைக் குடிக்கிறது. நான் கை தட்டிக்கொண்டிருக்கிறேன்.

பத்து மணிக்கு மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"மூடியா?"

"மூடிதான் மேடம்."

"உன் உத்தரவு என் மேஜைலதான் கிடக்கு, தெரியும்ல?"

"தெரியும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எழுதிக் குடு."

நாலே வரி. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 22

முத்திரைப் பாட்டிலை வேறொருவர் சோதித்தார். நான் வராந்தாவில். கதவுக் கண்ணாடி வழியே பொன்னிறம் மட்டும் தெரிந்தது. தூரத்து ஊரின் விளக்கு மாதிரி.

344.

அக்டோபர் 30

உரிமம் திரும்பிவிட்டது. என் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டுவிட்டது. உரிம உத்தரவை வாங்க ஆலைக்கார அக்கா வந்தார்.

"பத்து நாளா என் ஆளுங்க டேங்கைத் தொடச்சாங்க. இல்லாத தண்ணியை, தம்பி!"

"மன்னிச்சிருங்கக்கா."

"அடேயப்பா. இந்த வார்த்தையெல்லாம்கூட வருமா?" சிரிக்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பினார். "நாளைக்குச் சாயங்காலம் உங்க ஆபீஸ் வழி பஸ்ஸுல நம்ம எண்ணெய்தான்."

இனி செய்ய வேண்டியவை:

1. குறிப்பில் நின்றுபோன வாக்கியத்தை முடிக்க வேண்டும்: '— திறந்து வைக்கக் கூடாது. வைத்தால் அந்த அளவீடு செல்லாது.'
2. மாதிரிகளை ஜன்னலோரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.
3. முதலில் மூடி. அப்புறம் மேகம். மேகம் பார்ப்பதை விடப்போவதில்லை.
4. நாளை, ஐந்தே கால் பேருந்து. மழை வந்தாலும் அந்த வாசனைக்கு ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும்.