ஜன்னல் சீட் உனக்கு

என் வீட்டுக்காரிக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி இருக்கு? மாத்திரையைச் செடிக்குப் போட்டுட்டு முழுங்கிட்டேன்னு மட்டும் எழுதாதே.

நான் துணி தேய்க்கிற ஓட்டல்ல தங்கியிருந்த ஒரு ஜோடி, கிராமப்புறத்தைச் சுத்திக் காட்டுற ஒருநாள் டூருக்குப் போகாமலே கிளம்பிட்டாங்க. மேனேஜர் அவங்க ரெண்டு டிக்கெட்டையும் எனக்கே கொடுத்துட்டார். பஸ்ல ஜன்னல் சீட்டை உனக்குன்னு விட்டுட்டு இந்தப் பக்கம் உக்காந்தேன். ஊர் முடிஞ்சதும் மலை, மூடுபனி, அப்புறம் ஒரு ஏரி. எல்லாரும் இறங்கி ஏரிக்கரை வரைக்கும் நடந்து போனோம். நான் தேய்ச்சு விரிச்ச படுக்கை விரிப்பு மாதிரி, தண்ணியில ஒரு சுருக்கம் இல்ல.

திரும்ப பஸ்ல ஏறும்போது கைடு தலையை எண்ணினார். காலையில என்கிட்ட ரெண்டு டிக்கெட் வாங்கினவராச்சே, “உங்ககூட வந்தவங்க எங்க சார்?”ன்னு கேட்டார்.

“முட்டிவலி. மெதுவாத்தான் நடப்பா”ன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியல.

பஸ்ஸே உனக்காகக் காத்துக்கிட்டிருந்தது. எல்லாரும் பனிக்குள்ள அந்த ஏரிப் பாதையையே பார்த்தாங்க. நானும் பார்த்தேன். அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் உண்மையைச் சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஒரு தாள்ல உன் பாதத்தை வெச்சு, சுத்தி வரைஞ்சு அனுப்பு. ரெண்டு பாதமும் வேணும். செருப்பு வாங்கத்தான், வேற எதுக்கும் இல்ல.

இஸ்திரிப்பெட்டி சூடாயிடுச்சு, ஓடறேன்.

உன்னவன்