ஹார்லன் காட்டாத இன்சூரன்ஸ் தாள்

பிப்ரவரி 11

இடது கையால் எழுதுகிறேன். நாளைக்கு நானே படிக்கும்போது கோழி கிளறியதுபோல இருந்தால் பொறுத்துக்கொள், நோரீன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. எதிர்வீட்டில் தனியாக இருக்கிற ஹார்லன், கடைகண்ணிக்கு ஓட்டுகிற தன் கோல்ஃப் வண்டியைப் பின்னால் எடுப்பதாக நினைத்து முன்னால் எடுத்துவிட்டார். இடிபட்டது முதலில் என் வாசல் தபால்பெட்டி, அப்புறம் நான்.

பிப்ரவரி 19

எட்டு நாளில் ஆறு சூப் கொண்டுவந்துவிட்டார் ஹார்லன். செய்த தப்புக்கு வருந்துகிறார், சரி. அதற்காக இவ்வளவு உப்பா?

பிப்ரவரி 26

எலும்பு கோணலாகச் சேர்கிறதாம். இன்னொரு அறுவை சிகிச்சை செய்தால்தான் விரல்கள் பழையபடி மடங்கும் என்கிறார் டாக்டர். என் மருத்துவ இன்சூரன்ஸ் பாதிதான் தரும். பேக்கரியில் கேக்கின்மேல் கிரீமில் ரோஜா போடுவது என் பிழைப்பு. அறுபத்தொரு வயதில் வேறு என்ன வேலைக்குப் போவேன்? பயமாக இருக்கிறது.

மீதியை இடித்த வண்டியின் இன்சூரன்ஸிலிருந்து வாங்கலாம் என்று ஹார்லனிடம் அந்தத் தாளைக் கேட்டேன்.

"அது... எங்கயோ வெச்சுட்டேங்க."

ஆணிகளைக்கூட அளவு பார்த்துத் தனித்தனி டப்பாவில் போட்டுவைக்கிற மனிதர்! நம்பிவிட்டேன்.

மார்ச் 3

வக்கீல் ப்ரூயிட் அம்மாவைப் பார்த்தேன். "அவர் காட்டலைன்னா போகட்டும். இது ஃப்ளோரிடா. எழுதிக் கேட்டா, முப்பது நாளுக்குள்ள கம்பெனியே சத்தியம் பண்ணிச் சொல்லியாகணும். பாலிசி யார் யார் பேர்ல, எவ்வளவு வரைக்கும், என்ன காரணம் சொல்லி மறுக்கலாம்னு இருக்காங்க, எல்லாத்தையும்."

கடிதம் போய்விட்டது. ஹார்லனுக்கும் ஒன்று.

மார்ச் 6

சூப் நின்றுவிட்டது.

மார்ச் 20

வாசலில் வந்து நின்றார். "அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்க முடியாதா நோரீன்? என் படகை வித்து ஆபரேஷன் செலவை நானே தந்துடறேன்."

ஓட்டைப் படகு. அதை விற்றால் ஒரு விரலுக்குக்கூடக் காணாது. எதை மறைக்கிறார்? எங்காவது ரகசியமாக ஒரு குடும்பமா? இந்த முகத்துக்கா?

ஏப்ரல் 2

பதில் வந்தது. பாலிசியில் இரண்டு பெயர்கள். ஹார்லன் க்ரீவ். நோரீன் டாப்பின் —

நான்! "அதே வீட்டில் வசிப்பவர்" என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே, சேர்ந்து வசிப்பவருக்கு இழப்பீடு கிடையாது என்பதால் மறுக்கலாம் என்று ஒரு வரி.

அடப்பாவி மனுஷா! உன் வீட்ல நான் என்னிக்கு இருந்தேன்? என் கை போச்சே!

நேரே போய்க் கதவைத் தட்டினேன். தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"செவ்வாய்க்கிழமைதோறும் கடைக்கு என் வண்டியைத்தானே எடுத்துட்டுப் போறீங்க. உங்களால யாருக்காவது ஏதாவது ஆகிட்டா நீங்க மாட்டிக்கக் கூடாதுன்னு பார்த்தேன். வீட்டு ஆளுன்னாத்தான் பேரைச் சேர்ப்போம்னாங்க கம்பெனில."

"அதுக்கு?"

"எழுதிட்டேன். எழுதினப்புறம் படிச்சுப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

திட்டுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். அத்தனையையும் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9

இரண்டு பேரும் நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தோம். அவர் பதினான்காம் எண் வீடு, நான் பதினேழு, ஒருநாள்கூடச் சேர்ந்து வசித்ததில்லை.

"ஒருநாள்கூடன்னு போட்டே ஆகணுமா?" என்று நோட்டரியிடம் கேட்டார் ஹார்லன். காதெல்லாம் சிவந்துவிட்டது.

என் பெயரைச் சேர்த்ததற்கு மூன்று வருடமாகக் கூடுதல் பணம் வேறு கட்டியிருக்கிறார். கைக்காசு போட்டுப் பொய் சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

மே 28

கம்பெனி ஒப்புக்கொண்டது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை.

ஆகஸ்ட் 16

பேக்கரியில் முதல் ரோஜா போட்டேன். முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. இரண்டாவது பரவாயில்லை. விரல் மடங்குகிறது, அது போதும்.

சாயங்காலம் ஹார்லன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். "கம்பெனிக்கு எழுதின பொய்யை நிஜமாக்கிடலாமா?"

"யோசிச்சுப் பேசுங்க. ஒரே வீட்ல இருந்தா, அடுத்த தடவை நீங்க இடிச்சா எனக்குச் சல்லிக்காசு வராது."

"தெரியும். அதான் வண்டிச் சாவியை உங்ககிட்டயே குடுத்துடலாம்னு கொண்டாந்தேன்."

வாங்கிக்கொண்டேன். பதினேழாம் எண் வீட்டுக்கு 'விற்பனைக்கு' என்று பலகை நட வியாழக்கிழமை ஆள் வருகிறார்.