கோட்டைப் பேயின் பெயர்

கோபம் தீராத மகள், அன்பும் தீராமல் எழுதுவது. அப்பா,

உங்கள் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு அட்டை அடிக்க வேண்டும். வாசகம் எழுதும் வேலையைச் சித்தப்பா என்னிடம் தந்தார். எழுதிவிட்டேன். படமும் கொடுத்தாயிற்று. 'கண்ணீருடன்' என்று போட்டு, கீழே குடும்பத்தார் பெயர்கள் வரும் இல்லையா, அங்கே நிற்கிறேன். ஒரு பெயரைச் சேர்த்தால் அந்த அட்டையைக் கையால் தொட மாட்டேன் என்கிறார் சித்தப்பா.

அந்தப் பெயரைப் பற்றி உங்களிடம் பேசாமல் யாரிடம் பேசுவது?

ரேவ்தண்டாவுக்குப் போனோம். நீங்கள் இல்லாமல், முதல் முறையாக.

ஒவ்வொரு மே மாதமும் தாராவியிலிருந்து கிளம்பி, படகு, பஸ், பிறகு அந்தப் பழைய கோட்டை ஊர். எங்களை மதிலுக்கு வெளியே, கருமணல் கரையில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் ஒரு மெழுகுவர்த்தியோடு தனியாக உள்ளே போவீர்கள். உள்ளே லில்லி அத்தை. உங்கள் தங்கை. வீட்டை மீறி அந்த ஊர்க்காரரைக் கட்டி, கிணற்றில் விழுந்து செத்தவள். சொந்த ரத்தத்தைக் கண்டால் தமிழில் கூப்பிடுவாள், திரும்பிப் பார்த்தால் போச்சு. இதெல்லாம் நீங்கள் சொன்னது. நானும் தம்பி ஜெரினும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அலைகூடக் கேட்காது.

அந்த ஊரில் பேய்களுக்குக் குறைவில்லை. மதில்மேல் நடக்கும் தலையில்லாத சிப்பாய். மணியே இல்லாத தேவாலயக் கோபுரத்தில் அடிக்கும் மணி. ஆட்டோக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தமிழ் பேசும் பேய் உண்டா என்று ஜெரின் இந்தியில் கேட்டான். மத்ராஸிப் பேயை இதுவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்றார் அவர். அம்மாகூடச் சிரித்தாள்.

அம்மாதான் போகலாம் என்றது. தங்கைக்காக நீங்கள் மெழுகுவர்த்தி ஏற்றிய இடத்தில் உங்களுக்கும் ஒன்று ஏற்ற வேண்டும் என்றாள். எந்த இடம் என்று மூவருக்கும் தெரியாது. வாசலைத் தாண்டினோம். நான் எதிர்பார்த்தது இடிபாடு. இருந்தது தென்னந்தோப்பு, வீடுகள், கொடியில் துணி. கோபுரத்தைப் பார்த்து நடந்தோம்.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏ பிள்ள."

தமிழ். நான் திரும்பவில்லை. இத்தனை படித்தவள். கால் நகரவில்லை.

"ஏ பிள்ள, நீ எங்கண்ணன் மவதான? நடையே சொல்லுதே."

திரும்பினேன். மராத்திக் கட்டுச் சேலை. கையில் துடைப்பம். முகத்தில் உங்கள் மூக்கு.

அவள் எங்களைத் தாண்டி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அண்ணன் வரலியா?"

அம்மாதான் சொன்னாள். அத்தை துடைப்பத்தைக் கீழே வைக்க மறந்து, தன் வீட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மே மாதம் முடியப்போகிறதே, இன்னும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். போன தடவை மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது, அந்தக் கோபமாக இருக்கும் என்று.

வருஷா வருஷம் நீங்கள் அங்கே சாப்பிட்டிருக்கிறீர்கள். நாங்கள் கரையில் புளிச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது. எங்களைக் கூட்டிவரச் சொல்லி அப்பாவிடம் கேட்டதே இல்லையா என்றேன் அவளிடம்.

"கேக்காம இருப்பனா? ஓடிப்போனவ வீட்டுப் படி ஏற மாட்டோம்னு நீயும் ஒந் தம்பியும் சொல்லிட்டீங்கன்னுச்சு அண்ணன். போனும் பண்ணாத, பிள்ளைகளுக்குப் பிடிக்காதுன்னுச்சு. சின்னப் பிள்ளைகதானன்னு நான் விட்டுட்டேன்."

எங்களிடம் அவளைப் பேயாக்கினீர்கள். அவளிடம் எங்களை.

அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா. நீங்கள் கொண்டுபோன மெழுகுவர்த்திகளில் மிச்சம் அதில் கிடந்தது. கரண்டு போனால் கொளுத்துவோம் என்றாள். அம்மா ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"உயிரோட இருக்கவளுக்குப் போயி இத்தன வருசமா ஆத்துமாவுக்கு ஜெபம் சொல்லியிருக்கனே, லில்லி."

"அதான் மைனி நான் இன்னும் சாவல."

இருவரும் அழுகைக்கு நடுவில் சிரித்தார்கள். எனக்கு இரண்டுமே வரவில்லை.

யாருக்குப் பயந்தீர்கள்? சித்தப்பாவுக்கா? தாராவியில் நம் தெருவுக்கா? தங்கையை விடவும் முடியவில்லை, இவள் என் தங்கை என்று சொல்லவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பேய் தேவைப்பட்டதா? என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. படிப்பு அவ்வளவு தூரம்தான் வருகிறது. மன்னிப்பதற்கு அது உதவவில்லை.

நாங்கள் கொண்டுபோன மெழுகுவர்த்தியை அத்தை ஏற்றினாள். உங்கள் பெயரைச் சொல்லி ஏற்றினாள்.

கிளம்பும்போது ஜெரின் அட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பேரும் வருமா, பிள்ள?" உடனே கையை விட்டாள். "வராட்டியும் ஒண்ணுமில்ல."

சித்தப்பாவுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. செத்தவள் எப்படிக் கண்ணீர் விடுவாள், ஜனம் கேட்காதா என்கிறார்.

கேட்கட்டும். அட்டை இப்படித்தான் வரும், அப்பா: கண்ணீருடன் மனைவி, மகள், மகன், தம்பி, தங்கை லில்லி. சித்தப்பா தொடாவிட்டால் நானே வீடு வீடாகக் கொடுப்பேன். திருப்பலியன்று அவளை முன்வரிசைக்கு அழைப்பேன். உரக்க, பெயர் சொல்லி. தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
லில்லி அத்தையின் மருமகள்,
உங்கள் மகளும்தான்,
ஷைனி