கன்னியப்பன் எழுதிய ஏக்கம்

லண்டன், ஜனவரி 1931

அன்பு மனைவி பூவம்மாளுக்கு,

ஆண்டவர் தயவில் தோல் கிடங்கு வேலையும் நானும் சுகம். ஆம்பூரில் நீயும் அம்மாவும் சுகமா?

உன் கடிதம் கிடைத்தது. உனக்கு எழுதித் தரவும் படித்துச் சொல்லவும் பக்கத்து வீட்டுக் கன்னியப்பனை விட்டால் ஆளில்லை, சரி. ஆனால் அதில் 'ஏக்கம்' என்று இருக்கிறதே, அந்த வார்த்தையை நீ ஒருநாளும் பேசியதில்லையே?

ஞாயிறன்று என் அறைத்தோழன் மஹபூப் பாஷா ஓர் இலவசப் பிரசங்கத்துக்கு அழைத்துப் போனான். மற்ற நட்சத்திரங்களுக்கும் கிரகங்கள் உண்டா என்பதுதான் பேச்சு. ஒரு நட்சத்திரத்தின் அருகே வேறொன்று வந்து இழுத்தால், பிய்ந்து வரும் நெருப்பு துண்டு துண்டாகி, ஆறி, கிரகங்களாகுமாம். அப்படி நெருங்கி வருவது அபூர்வமாம். அதனால் பெரும்பாலான நட்சத்திரங்கள் தனியாகவே கிடக்கின்றனவாம்.

நான் எழுந்து, "அடுத்தவன் நட்சத்திரத்துகிட்ட அதுக்கு இன்னா வேலை?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். சபையே திரும்பிப் பார்த்தது.

"குந்துடா தோஸ்த்! நட்சத்திரத்து மேல இன்னாடா கோவம்?" என்று பாஷா சட்டையைப் பிடித்து இழுத்தான். வெளியே வந்ததும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நீயும் சிரித்துவிடு.

பாஷாவின் தம்பி இங்கே வரக் கப்பலேறும்போது மிளகாய்ப்பொடி கொடுத்தனுப்பு. தபாலுக்கு நேரமாகிவிட்டது. இனி யாரிடமும் சொல்லி எழுத வேண்டாம். வெறும் தாளில் உன் கட்டைவிரலைப் பதித்து அனுப்பு, எனக்கு அது போதும்.

கன்னியப்பா, இந்த வரியையும் விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டு.

உன்
தானியேல்