இன்ஸ்பெக்டர் வரும் நாளில் நான் வரதராஜன்

வாத்தியார் ஐயா,

மகள் வாசலில் உட்கார்ந்து கோவை இலையால் சிலேட்டுப் பலகையைத் தேய்க்கிறாள். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம். போன வெள்ளிக்கிழமை உங்களைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனார்கள். ராயபுரமே அழுததாம். எனக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பெஞ்சு காலியாக இருந்தால் சர்க்கார் மானியம் குறைந்துவிடும். அதனால் விடியும்போதே காசிமேட்டுக் கரைக்கு வந்து எங்களைப் பிடித்துக்கொண்டு போவீர்கள். இரவல் சட்டை, இரவல் பெயர். எனக்கு வாய்த்தது வரதராஜன். காய்ச்சலில் செத்துப்போன பையன் அவன். நீங்கள் பதிவேட்டில் அவன் பெயரை அடிக்கவே இல்லை.

முதல் தடவை அம்மா உங்கள் காலில் விழுந்தாள். "சாமி, எம்புள்ளைய இஸ்கோல்ல சேத்துக்கோ சாமி. எந்நேரமும் கரியால எதுனா எழுதிக்கினே கீறான்."

"இன்னைக்கு ஒழுங்கா உக்காரட்டும், பார்க்கலாம்" என்றீர்கள்.

அதை நம்பித்தான் வாயைத் திறந்தேன். இன்ஸ்பெக்டர் கணக்குக் கேட்டார், வகுப்பே விழித்தது. உங்கள் ஜன்னலுக்கு வெளியே வலை காயப்போடும்போது கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம். எழுந்து சொன்னேன். பெயர் கேட்டார், வரதராஜன் என்றேன். முதுகில் தட்டி, "இவனை அடுத்த வருஷமும் பார்க்கணும்" என்றார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் என் சட்டையைக் கழற்றினீர்கள். "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா சேர்த்திருப்பேன்டா. இப்ப அவருக்கு நீ வரதராஜன். சொந்தப் பேர்ல எப்படிச் சேர்க்கறது?"

"அந்தப் பேர்லயே வந்துகினு போவட்டுமே சாமி" என்றாள், பள்ளி வாசலில் காத்திருந்த அம்மா.

"செத்த பிள்ளை பேரைத் தினமும் கூப்பிட்டா, அடுத்த தெருவுல இருக்கற அவங்கப்பன் காதுல விழாதா?"

ஆனால் வருஷம் தவறாமல் அந்த ஒரு நாளைக்கு என்னைத் தேடி வந்தீர்கள். இந்தத் தடவையாவது சேர்த்துக்கொள்வார் என்று அம்மாவும் தலைவாரி அனுப்பினாள். ஐந்தாவது வரை, வகுப்புக்கு ஒரு நாள் படித்தேன். உங்கள் பள்ளியில் செத்தவன் தேறிக்கொண்டே போனான், நான் கரைக்குத் திரும்பிக்கொண்டே இருந்தேன்.

இந்த எழுத்து உங்கள் ஜன்னல் கொடுத்தது. நீங்கள் கொடுத்தது வேறு. நேற்று துறைமுகத்தில் மேஸ்திரி கூலியாட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "வரதராஜன்!" யாரோ புதிதாக வந்தவன். நான் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, கைகட்டி நிமிர்ந்து நின்று சொன்னேன்: "உள்ளேன் ஐயா."